உப்புத் தண்ணிக்கு நிக்குத செடி

— திரும்பிப் பாக்காத ஜெபா. அந்தச் சாக்க விரிச்சிக்கிட்டே கேளு. கேட்டுக்கு வெளிய ஸ்கூட்டிய நிறுத்துதாளே, அவதான்.

— எவக்கா?

— வன்னியபெருமாள் வீட்டுல இருக்காளே, அவ. பிரேமா.

— ஏசப்பா. உங்க வீட்டுக்காரரு ஆபீஸ்ல வேலைக்கு இருந்தாள்னு சொல்லுவீங்களே, அந்தப் பிரேமாவா?

— என் வீட்டுக்காரரு இல்ல, இப்ப அவ வீட்டுக்காரரு. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்து எட்டு வருசமாச்சு. நீ இன்னும் பழைய பாட்டையே பாடு.

— ஆளு இவதான்னு எப்படித் தெரியும்? நேர்ல பாத்ததே இல்லன்னு சொன்னீங்களே.

— போன தசராவுக்குக் குலசைக் கோயில்ல பாத்தேன். அந்தக் கூட்டத்துல அவரு முன்னால போறாரு, இவ அவரு சட்டையப் பின்னாலருந்து புடிச்சிக்கிட்டே போறா, சின்னப்பிள்ள கணக்கா. என்னைய ஒரு நாளாவது அப்படி நடக்க விட்டாரா? எப்பவும் நாலடி முன்னாலதான் போவாரு. நான் ஓடிப் போயிச் சேரணும்.

— அவளுக்கு உங்களத் தெரியுமாக்கா?

— எப்படித் தெரியும்? போர்டுல எங்க அப்பா பேருதான் கிடக்கு. ரோட்டுல போனவ பூவப் பாத்துட்டு நிறுத்திருக்கா.

— நான் போயிக் கவனிச்சிக்கிடுதேன். நீங்க வீட்டுக்குள்ள போயி உக்காருங்க.

— நான் என்னத்துக்கு உள்ள போகணும்? அந்த வீட்டுல இருந்துதான் எந்திரிச்சு வந்தேன், என் கடையில இருந்துமா எந்திரிக்கணும்? தள்ளு. வாங்கம்மா, வாங்க. வெயில்ல நிக்காதீங்க, நெழலுக்கு வாங்க.

— கொஞ்சம் செடி வேணும்க்கா. சொல்லப்போனா எனக்குச் செடியப் பத்தி ஒண்ணும் தெரியாது. தண்ணி ரொம்பக் கேக்காததா இருக்கணும், அம்புட்டுத்தான்.

— வீடு எந்தப் பக்கம்?

— முத்தையாபுரம்.

— முத்தையாபுரத்துல இருந்து இந்தக் குட்டி ஊரு புதுக்கோட்டைக்கா வந்தீங்க செடி வாங்க? வழியெல்லாம் நர்சரி கிடக்கே.

— இங்கனதான் நல்லா இருக்கும்னு சொன்னாங்க.

— யாரு சொன்னா?

— கேள்விப்பட்டதுதான்க்கா. இந்த ஆம்பளச் செருப்பு யாருது? மிதிச்சிருப்பேன்.

— ஆன்றோ அண்ணனுது. எங்க வண்டிக்காரரு. செடிக்குள்ள போகும்போது கழத்திப் போட்டுட்டுப் போவாரு. உங்க வீட்டுக்காரரு கூட வரலையா?

— அவரு வெளிய போயிருக்காரு.

— செடி வாங்க ஆம்பளைங்க எங்க வாராங்க? வளந்த பொறவு அதுக்கு அடியில நாற்காலியப் போட்டு உக்காரத்தான் வருவாங்க. சரி, சொல்லுங்க. தண்ணி எப்படி உங்க பக்கம்?

— குழாய்த் தண்ணி அஞ்சு நாளைக்கு ஒருக்க வரும், அது குடிக்கச் சமைக்கத்தான் காணும். போர் தண்ணி சரியான உப்புக்கா. வாளியில புடிச்சு வச்சா ஓரமெல்லாம் வெள்ளையாப் படியும். போன வருசம் ரோசா வாங்கி வச்சேன், இலை நுனியெல்லாம் தீயில வாட்டின மாதிரி ஆகி, ஒண்ணொண்ணாப் போயிட்டு.

— மண்ணு?

— எங்க ஊரு உடன்குடி. அங்க செவந்த தேரி மண்ணு, காலு வச்சாச் சுடும், ஆனா பனையும் முருங்கையும் கேக்காமலே நிக்கும். இங்க வெளுத்த மண்ணு. என்ன வச்சாலும் எங்கிட்ட நிக்க மாட்டேங்குது.

— இப்ப ஒண்ணுமே நிக்கலையா?

— வாசல்ல ஒரு பூவரசு நிக்கி.

— பூவரசு எப்படி இருக்கு?

— பெரிசாயிட்டுக்கா. மாடிக்கு மேல போயிட்டு. காலையில கதவத் தொறந்தா மஞ்சப் பூவா உதிந்து கிடக்கும், சாயங்காலத்துக்குள்ள அது செவந்துரும்.

— பூத்துட்டா அது?

— என்னக்கா?

— ஒண்ணுமில்ல. பூவரசு எந்த உப்புலயும் நிக்கும்னு சொல்ல வந்தேன். வேற?

— ஒரு முருங்கை நின்னுச்சு, ஆடிக் காத்துல முறிஞ்சிட்டு. பெரிய மருதாணிப் புதரு ஒண்ணு நின்னுச்சு. அத வெட்டியாச்சு.

— மருதாணிய யாராவது வெட்டுவாங்களா? தண்ணியே கேக்காதே அது. வீட்டுக்காரரு வெட்டினாரா?

— அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் ஆளு விட்டு வெட்டினேன்.

— உங்களுக்கு மருதாணி ஆகாதோ?

— சொல்லப்போனா ரொம்பப் பிடிக்கும். ஆனா அது வேற ஒருத்தி நட்டது. அதான்.

— வழியில தொட்டி கிடக்கு, பாத்து வாங்க.

— ஒண்ணும் நெனைக்காதீங்கக்கா. முன்னப்பின்னத் தெரியாதவங்ககிட்ட என்னத்தையோ சொல்லிட்டேன்.

— நான் என்னத்த நெனைக்கப் போறேன். நீங்க அந்தப் பச்சை வலைக்கு அடியில இருக்குத வரிசையப் பாத்துக்கிட்டு இருங்க. இந்தா வாரேன். ஏளா ஜெபா, இங்கன வா. இன்னும் கிட்ட வா.

— என்னக்கா, சொல்லுங்க.

— ஆன்றோ அண்ணன்கிட்டச் சொல்லிக் குட்டியானை வண்டியப் பின்னால எடுக்கச் சொல்லு. ரோசாத் தொட்டி அத்தனையும் ஏத்து. இட்லிப்பூ ஏத்து. பெரணிச் செடி ஏத்து. கேரளாவுல இருந்து வந்த செண்பகக் கண்ணு ரெண்டு நிக்கில்லா, அதையும் ஏத்து. கொரியன் புல்லச் சுருட்டி மேல போடு.

— அவ தண்ணி கேக்காத செடில்லா கேட்டா?

— கேட்டா.

— நீங்க சொல்லுததெல்லாம் காலையும் மாலையும் நல்ல தண்ணி குடிக்குததுக்கா. உப்புத் தண்ணி பட்டா வைகாசியத் தாண்டாதே.

— வைகாசி வரைக்கும் எதுக்கு? சித்திரையிலயே கருகட்டும். தினம் காலையில கதவத் தொறந்தா கருகின செடி மூஞ்சியிலதான் அவ முழிக்கணும்.

— செடி என்னக்கா பாவம் செஞ்சுது?

— என் மருதாணி என்ன பாவம் செஞ்சுது? கல்யாணமாகிப் போன புதுசுல ஒரு குச்சிய ஒடிச்சு ஊணுனேன் ஜெபா. அரிசி கழுவுன தண்ணி, பாத்திரம் கழுவுன தண்ணின்னு சொட்டுச் சொட்டா ஊத்தி வளத்தேன். தீவாளிக்கும் பெருநாளைக்கும் அந்தத் தெருப் பொம்பளைங்க பூராவும் என் வீட்டு வாசல்லதான் வந்து பறிச்சாங்க. அந்த வீட்டுல என்னைய வாயாரக் கூப்பிட்டதே அவங்கதான். அத ஆளு விட்டு வெட்டினேன்னு எங்கிட்டயே வந்து சொல்லுதா.

— எல்லாத்தையும் அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்னு சொல்லுவீங்களே நீங்க.

— வாயிதானே சொல்லுச்சு. மனசா சொல்லுச்சு?

— நம்ம பேரு கெட்டுரும்க்கா. நாளைக்கிச் செடி பட்டுப்போனா ஊரெல்லாம் சொல்லுவா. ஆண்டவருக்குப் பிரியமில்லாத வேலை இது.

— ஆண்டவருகிட்ட நான் பொறவு பேசிக்கிடுதேன். அங்கன பாரு, என்ன பண்ணுதா அவ?

— செடியவே பாக்கலக்கா. நம்ம வீட்டையில்லா பாக்கா. கொடியில கிடக்குத துணியெல்லாம் ஒவ்வொண்ணாப் பாக்கா.

— எடை போடுதா. ஓட்டு வீடு, தகரக் கொட்டகைன்னு. மாடி வீட்டுக்காரில்லா. முடியப் பாத்தியா அவளுக்கு? ஒரு நரை இல்ல.

— சாயம் அடிச்சிருப்பா.

— இல்லளா, நான் கிட்ட நின்னு பாத்தேன். உள்ளதச் சொல்லு, அவ வயசுல நான் அவள விட நல்லா இருந்தேன்லா?

— இருந்தீங்க.

— இருந்தேனா?

— இருக்கீங்கக்கா. அதுக்காக இந்த ரோசாவ ஏத்தணுமா?

— ஏத்து. இன்னும் நிக்காளே. என்னம்மா, எதாவது பிடிச்சுதா? இந்தா, செண்பகத்தப் பாருங்க. எப்படித் தளதளன்னு நிக்கி.

— இது தண்ணி கேக்காதாக்கா?

— கேக்கும்போது குடுத்தாப் போதும்.

— ரோசாவும் ஏத்துதாங்க போல. உப்புத் தண்ணிக்கு நிக்குமா?

— போன வருசம் நீங்க வாங்கினது வேற சாதியா இருக்கும். இது எங்க கையில வளந்தது. கீழ கொரியன் புல்லு விரிச்சிட்டீங்கன்னா பங்களா மாதிரி இருக்கும்.

— சரிக்கா. நீங்க சொன்னாச் சரி. எதை எங்கன வைக்கணும்னு மட்டும் சொல்லிருங்க. நான் பாட்டுக்குக் கண்ட இடத்துல வச்சிருவேன்.

— செண்பகத்த வடக்கால கிணத்தடியில வைங்க. அங்கன உச்சி சாஞ்சா வெயிலு விழாது. ரோசாவப் படிக்கட்ட ஒட்டி வைக்காதீங்க, மாடித் தண்ணியெல்லாம் அங்கனதான் கொட்டும், வேரு அழுகிரும். பெரணிய எடுத்து...

— கிணறு இருக்குன்னு நான் சொல்லலையே.

— எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே.

— எங்க தெருவுல எங்க வீட்டுல மட்டும்தான் உண்டு. அதுவும் இப்ப இல்ல. கல்லு போட்டு மூடியாச்சு. இப்ப வாறவங்களுக்கு அங்கன கிணறு இருந்ததே தெரியாது.

— நான் ஏதோ குத்துமதிப்பாச் சொன்னேன்.

— மாடித் தண்ணி படிக்கட்டுப் பக்கம் கொட்டும்னு குத்துமதிப்பாத் தெரியுமா, செல்விக்கா?

— எம்பேர யாரு சொன்னா உனக்கு?

— வரும்போதே தெரியும். சந்தனச்செல்வி. புதுக்கோட்டையில ரோட்டு மேல அவங்க அப்பா நர்சரி. அதத் தேடித்தான் வந்தேன்.

— தெரிஞ்சுதானா மருதாணிய வெட்டினேன்னு என் மூஞ்சிக்கு நேரச் சொன்ன?

— ஆமா. சொல்லணும்னுதான் சொன்னேன்.

— என்ன நெஞ்சழுத்தம்ளா உனக்கு. ஜெபா, நீ வேலையப் பாரு, ஒண்ணும் ஆகல. சண்ட போடல நாங்க. சொல்லு, எதுக்குச் சொன்ன? நான் அழுவேன்னு பாத்தியா?

— உங்களுக்கு வலிக்கணும்னு இருந்துச்சு. எனக்கு எட்டு வருசமா வலிக்குதுல்லா.

— உனக்கு என்ன வலி? வீடு உனக்கு, வாசல் உனக்கு, ஆளும் உனக்கு. ஊருக்கு முன்னால அவரு சட்டையப் புடிச்சிக்கிட்டு நடக்கக் குடுத்து வச்சவ. நான் அந்தச் சாயங்காலம் பஸ்ஸுல எப்படி வீடு வந்து சேந்தேன்னே தெரியாது.

— எந்தச் சாயங்காலம்?

— குலசையில. தசராவுக்கு.

— அங்க வந்திருந்தீங்களா? ஐயோ, அது... கூட்டத்துல என்னைய விட்டுட்டுப் போயிருவாருன்னு பயந்துல்லா புடிச்சிருந்தேன். ரெண்டு தடவ கைய உதறிவிட்டாரு. நான் விடல. அதப் பாத்துட்டா நீங்க வருத்தப்பட்டீங்க?

— தூரத்துல இருந்து பாத்தவளுக்கு உதறினது தெரியுமா? புடிச்சதுதான் தெரியும்.

— எனக்கு உங்களத் தூரத்துல இருந்துகூடப் பாக்க வழியில்ல. வெறும் பேருதான். ரசம் வச்சா, செல்வி பூண்டத் தட்டிப் போடுவாம்பாரு. காய்ச்சல்னு படுத்தா, செல்விக்கு ஒரு நாளும் காய்ச்சல் வந்தது கிடையாதும்பாரு. செடி வாடினா, அவ காஞ்ச கம்ப ஊணுனாலும் துளிக்கும்பாரு. இப்படி ஒருத்திய எதுக்குப் போக விட்டீங்கன்னு கேட்டா, டிவி சத்தத்தக் கூட்டிருவாரு.

— என் ரசத்தையா சொன்னாரு?

— சொல்லாத நாளு கிடையாது.

— நான் வச்ச காலத்துல ஒரு வாயி குடிச்சிட்டு, எங்க அம்மா வச்ச மாதிரி இல்லன்னு தட்டத் தள்ளுவாரு. இல்லாதவ வச்ச ரசம்தான் அவருக்கு எப்பவும் ருசி.

— நெசமாவாக்கா?

— எங்க அப்பா சத்தியமா. கல்யாணத்துக்கு வந்த ஈயச் செம்புல வச்சாலும் அதே பேச்சுதான்.

— நான் அந்த மருதாணிய மூணு தடவ வெட்டினேன். ஒரு தடவ வேரத் தோண்டி எடுத்துட்டு மேல சிமெண்டு போட்டேன். மழை பெஞ்சா சிமெண்டு ஓரத்துல வெடிப்புல துளிக்கி. அதப் பாத்துட்டு அவரு அந்தப் பக்கமாத்தான் நடப்பாரு, மிதிக்காம. எனக்கு வயிறு எரியும்.

— எரியட்டும்.

— எரிஞ்சுதுக்கா.

— எனக்கும் எரிஞ்சுது. இப்பக்கூட எரியுது. உன் முடியப் பாத்து எரிஞ்சேன். பூவரசு பூத்துட்டுன்னு நீ சொன்னதுக்கும் எரிஞ்சேன், நான் இருந்தவரைக்கும் அது பூக்கல. ஜெபா, வண்டியில ஏத்தினத எல்லாம் இறக்கு.

— எல்லாத்தையுமாக்கா? இப்பத்தானே புல்லச் சுருட்டி வச்சேன்.

— எல்லாத்தையும்தான். பெரணியத் தூக்கி வலைக்கு அடியில வை, வாடிரும். இவளுக்கு அது எதுவும் ஆகாது.

— எதுக்குக்கா இறக்கச் சொல்லுதீங்க?

— உன் வாசலு ஒரு மாசத்துல கருகட்டும்னு ஏத்தினேன். இப்ப வேண்டாம்னு இறக்குதேன்.

— அது தெரியும். ரோசா நிக்காதுன்னு பட்டுத் தெரிஞ்சவதானே நான். நீங்க எதுவரைக்கும் போவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.

— பாத்துட்டல்லா? வா. இப்ப நெசமாச் செடி பாப்போம். காதத் தொறந்து கேளு, ரெண்டாந்தடவ சொல்ல மாட்டேன். மேக்காலதானே உன் வீட்டுக்கு வெயிலு வந்து இறங்குது?

— ஆமா. மத்தியானத்துக்கு மேல சுவரத் தொட முடியாது.

— அங்கன ஒரு புங்கை. உப்பு, காத்து, தூசி எல்லாத்துக்கும் நிக்கும். இலை உதிரும், கூட்டி எரிச்சிராத. அடியிலயே மண்ணு தெரியாம மூடாக்காப் போடு, அதுதான் அதுக்குச் சோறும் தண்ணியும். ஆனா இன்னைக்கிக் கொண்டு போகாத.

— ஏன், குடுக்க மனசு வரலையா?

— பங்குனி வெயில்ல மரக்கண்ணு வச்சா மனசு இருந்தும் பிழைக்காது. ஐப்பசியில மொத மழை விழுந்த பொறவு வா. சீத்தாக் கண்ணும் அப்பத் தாரேன். அத ஆடு கடிக்காது, தண்ணியும் கேக்காது, மூணாம் வருசம் பழம் குடுக்கும்.

— அவருக்குச் சீத்தாப்பழம் பிடிக்காது.

— கொட்டையத் துப்பச் சோம்பல். பிரிச்சு எடுத்துக் குடுத்தாத் தின்பாரு.

— எனக்குத் தெரியாதே.

— உனக்குத் தெரியாதது ஒண்ணாவது இருக்கட்டும். காம்பவுண்டு ஓரத்துக்குக் காகிதப்பூ. இது ஒரு கோளாறு பிடிச்ச செடி, தண்ணி ஊத்த ஊத்த வெறும் இலையாப் போகும். காயப் போட்டாத்தான் பூக்கும்.

— இது நல்லா இருக்கே. எனக்கு ஏத்த செடி.

— முள்ளு உண்டு. வண்டி நிறுத்துத பக்கம் வைக்காத. அவரு சட்டையக் கிழிச்சிக்கிட்டு வந்து நம்ம மேல கோவப்படுவாரு.

— நம்ம மேலயா?

— உன் மேலன்னு வச்சிக்கோ. ரோட்டுப் பக்கத்துக்கு அரளி. செகப்பும் வெள்ளையும் மாத்தி மாத்தி வை. பாலு கையில பட்டாக் கழுவிரு, அது வெசம். கீழ வரிசைக்கு நித்தியகல்யாணி. ஒரு தடவ வச்சாப் போதும், வெதை விழுந்து வருசா வருசம் அதுவே வரும். கல்லு மேலகூட முளைக்கும்.

— எங்க ஊருல அதச் சுடுகாட்டுப்பூம்பாங்க. வீட்டுல வைக்க மாட்டாங்க.

— ஊத்த ஆளில்லாத இடத்துலயும் பூக்கும், அதுனால சொல்லுவாங்க. அதுக்குப் பயந்தா உப்புத் தண்ணியில உனக்கு வேற பூ கிடையாது. வை.

— சரி, வைக்கேன்.

— ஆவாரை ரெண்டு. நொச்சி ஒண்ணு வச்சிக்கோ, ஜன்னல் பக்கம், கொசு அண்டாது. அவருக்கு மூக்கடைச்சா இலையப் போட்டு ஆவி புடிக்கச் சொல்லு. வருசத்துக்கு ரெண்டு தடவ அடைக்கும்.

— ஆவியெல்லாம் இப்பப் புடிக்கறதில்லக்கா. ஸ்ப்ரேதான். மூக்குல அடிச்சிக்கிடுவாரு.

— என்ன ஸ்ப்ரே?

— டாக்டரு எழுதிக் குடுத்தது. நாலஞ்சு வருசமா அதான்.

— எனக்கு அது தெரியாது.

— உங்களுக்குத் தெரியாதது ஒண்ணாவது இருக்கட்டும்.

— திருப்பிக் குடுக்கியாக்கும். கெட்டிக்காரிதான். மருதாணி மட்டும் கேட்டுராத, தர மாட்டேன்.

— கேக்கல.

— சிமெண்ட நாலு பக்கமும் கொத்தி எடுத்துரு. அது வந்துரும். வெட்டாம இருந்தாப் போதும். ஜெபா, இதையெல்லாம் ஏத்தியாச்சா? சின்ன மண்பானை நாலு எடுத்து வை, அதோட திரியும் வச்சிரு. பானை அடியில ஓட்டை போட்டுத் திரிய விட்டு, செடிப் பக்கத்துல கழுத்து வரைக்கும் புதைச்சிரு பிரேமா. கழுவுன தண்ணிய அதுல ஊத்து. கொஞ்சங்கொஞ்சமா வேருக்கு இறங்கும்.

— இப்படியெல்லாம் பாத்துப் பாத்துச் சொல்லுதீங்க. நான் இங்க வரும்போது இப்படி நடக்கும்னு நெனைக்கவே இல்ல.

— உனக்காகச் சொல்லல. அந்த மண்ணுக்காகச் சொல்லுதேன். மொத வருசம் மட்டும் கண்ணும் கருத்துமா ஊத்தணும், பொறவு அதுகளே பாத்துக்கிடும். சாயங்காலம் அவரு வந்ததும் ஆளுக்கு ஒரு குடமா எடுத்து ஊத்துங்க. எனக்கு ஒரு நாளும் குடத்தத் தொட்டது கிடையாது. நீ சொன்னாத் தூக்குவாரு.

— செல்விக்கா.

— என்ன?

— ஒண்ணும் நெனைக்காதீங்க. உங்க வீட்டுக்கு ஓரமா இருக்குத அந்த ரூம்பு, பூட்டிக் கிடக்கே, அதுல என்ன இருக்கு?

— உர மூடை.

— நான் வந்ததுல இருந்து யாரும் அதத் தொறக்கவே இல்ல.

— வேலை இருந்தாத்தானே தொறக்கும். உனக்கு உரம் வேணுமா?

— வேண்டாம். ஒரு தடவ தொறந்து மட்டும் காட்டுங்க.

— என்னத்துக்கு? ஜெபா சொன்னா, வந்ததுல இருந்து கொடியையும் வீட்டையுமே பாக்கான்னு. நான் வீட்ட எடை போடுதன்னு நெனச்சேன்.

— காட்டுங்கக்கா. உங்களுக்குக் கோடிப் புண்ணியமா இருக்கும்.

— ஜெபா, சாவியக் கொண்டா. இவ மூஞ்சியே சரியில்ல. இந்தா, தொறந்தாச்சு. உள்ள போயி நல்லாப் பாத்துக்கோ. சாக்கு, மண்வெட்டி, வேப்பம் புண்ணாக்கு. பின்னால வேற வாசலு கிடையாது. ஏளா, எதுக்கு இப்பத் தரையில உக்காருத? என்னத்தத் தேடி வந்த நீ?

— அவரத்தான்க்கா. தை மாசம் துணியெல்லாம் எடுத்துக்கிட்டு வீட்ட விட்டுப் போகும்போது, செல்விகிட்டப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.